மாற்கு முடித்த இடம்

புதன் இரவு, சித்தூர்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் என் மனைவி எஸ்தருக்கு நாளுக்கு ஓர் அதிகாரமாக மாற்கு சுவிசேஷத்தை வாசித்து வருகிறேன். இன்று மாலை கடைசி அதிகாரம். இயேசுவின் காலியான கல்லறை வந்ததும் அவள் கண்ணைத் திறந்தாள்.

"ஏங்க, இத எழுதினவரு அங்க இருந்தாரா? கண்ணால பாத்தாரா?"

ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். வேதபாட வகுப்பில் வருடக்கணக்காகச் சொன்ன பதில்தான் வாயில் வந்தது.

"இல்ல எஸ்தர். பேதுரு சொல்லக் கேட்டு மாற்கு எழுதினாருன்னு சொல்வாங்க. அந்தப் பேருகூட பிற்பாடு வெச்சதுன்னுதான் படிச்சவங்க சொல்றாங்க."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "அப்போ நான் இன்னாத்த நம்பிக்கினு படுத்துக்கினு இருக்கறது?"

பெண்கள் வார்டில் ஆண்கள் இருக்கும் நேரம் முடிந்தது என்று நர்ஸ் தெலுங்கில் விரட்டினாள். கொழுந்தியாளை எஸ்தர் பக்கத்தில் விட்டுவிட்டு வந்தேன்.

மிகப் பழைய கைப்பிரதிகளில் இந்தச் சுவிசேஷம் உயிர்த்த இயேசுவைக் காட்டாமலே முடிந்துவிடுகிறது. கல்லறைக்குப் போன பெண்கள் பயந்து ஓடுகிறார்கள், யாரிடமும் ஒன்றும் சொல்வதில்லை. மீதியை அந்த முடிவைத் தாங்க முடியாத யாரோ பிறகு சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பெண்கள் ஏன் சொல்லவில்லை என்று வகுப்பில் எத்தனை பேரை மடக்கியிருக்கிறேன்!

இனி மருந்து இல்லை என்று காலையில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். எஸ்தருக்குத் தெரியாது. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டுவிடுவாளோ என்றுதான் பஸ் ஸ்டாண்டு வரை திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

ஆண்டவரே, நாளைக்கு வாசிக்க அதிகாரம்கூட இல்லையே.