அளந்தவன் சொல்லாமல் விட்டது

டாக்டரம்மா,

இன்று காலை ஒரகடம் கூட்டுரோட்டில் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அகலப்படுத்திய சாலையில் முதல் கோடு. சூடான பெயிண்டின் நெடி மூக்கில் ஏறியதும் நடுரோட்டில் நின்றுவிட்டேன். "யோவ் பெரிசு, வூட்ல சொல்லிகினு வந்தியா?" என்று ஒரு லாரிக்காரன் கத்தினான். எனக்கு நகரத் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில், சிமெண்டுத் தரையில் முழங்காலிட்டு, நீங்கள் இரண்டு கோடு இழுத்த ஞாயிற்றுக்கிழமையின் நெடி அது. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே நான்கு மீட்டர். உங்கள் புடவைக் கரையில் பெயிண்ட் பட்டதைக்கூட நீங்கள் கவனிக்கவில்லை.

அப்போது எனக்கு அறுபத்திரண்டு வயது. நாலாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் பார்க்காதவன். பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணிக் காயில் கட்டுவது தொழில். ஆங்கிலம், மோட்டாரோடு வரும் கையேட்டிலிருந்தும் அட்டை கிழிந்த ஓர் அகராதியிலிருந்தும் நானாகக் கற்றுக்கொண்டது. காயில் கட்டியவனுக்கு ஒரு பழக்கம் போகாது. யாரோடு பேசினாலும், சண்டை போட்டாலும், உள்ளே சுற்று எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருக்கும், தப்பாது. அதை யாரோ சொல்லித்தான் ஸ்டாப் வாட்சை என் கையில் கொடுத்தீர்கள். இரண்டே நாளில், வாட்சைப் பார்க்காமலே நான் சொல்லும் நொடியும் வாட்ச் காட்டும் நொடியும் ஒன்றாக இருப்பதைக் கண்டு, "நீங்க மனுஷன்தானா ஐயா?" என்று கேட்டீர்கள்.

அறுபது தாண்டியவர்கள் ஒவ்வொருவராக இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கு நடக்க வேண்டும். நான் நொடி சொல்வேன், நீங்கள் எழுதுவீர்கள். முதல் நாள் அத்தனையும் பாழ். இரண்டாவது கோட்டுக்கு முன்னால் வந்ததும் ஒவ்வொருவரும் நின்றார்கள். வலது காலை வைத்துத்தான் தாண்ட வேண்டும் என்று கால் மாற்றினார்கள். "பாட்டி, இது வாசப்படி இல்ல, வெறும் கோடு" என்றீர்கள். எண்பதைத் தாண்டிய குப்பம்மாள் உங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கோடுன்னு ஒண்ணு போட்டா அந்தாண்ட வேற எடந்தானே டாக்டரு?"

நீங்கள் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. மறுநாள் அந்தக் கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, சுவரில் யாருக்கும் தெரியாதபடி ஒரு புள்ளி வைத்துக்கொண்டோம்.

வேலைக்கு வரும்போதே நான் ஒரு நிபந்தனை போட்டிருந்தேன். "எங்கள அளந்து எடுத்துகினு போயி எங்கியோ ஏசி ரூம்ல பேசுவீங்க. அது ஆவாது. பேசறத எங்க எதிர்ல பேசணும்" என்றேன். நீங்கள் கோபப்படவில்லை. "அதுக்கு இங்கயே ஒரு மாநாடு நடத்தணும் ஐயா. நடத்தப் பணம் வேணும்."

"கேளுங்க."

"கேக்கறது சுலபம். படிவம் இருக்கே, அது உங்க ஊர் ஏரிக்கரைய விட நீளம்."

முதுமையில் நலமாக இருப்பதைப் பற்றி ஆராய்கிறவர்கள் கூடிப் பேச, நிதி கொடுக்க ஓர் அமைப்பு இருந்தது. அந்தப் படிவத்தை என் அகராதியோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். வெளியூர்ப் பேராசிரியர் வந்து போக விமான டிக்கெட்டுக்குக் கேட்கலாம். இளம் ஆராய்ச்சியாளர் தங்குவதற்குக் கேட்கலாம். அச்சடிக்க, தேநீருக்கு, மேடைக்குக் கேட்கலாம். அளக்கப்பட்ட கிழவனும் கிழவியும் வந்து உட்காரக் கேட்பதற்கு அதில் இடமே இல்லை. நீங்கள் இடம் உண்டாக்கினீர்கள். பேச்சாளர் பட்டியலில் பேராசிரியர்களுக்குக் கீழே குப்பம்மாளையும் இன்னும் பதினொரு பேரையும் எழுதினீர்கள். முதல் முறை ஒற்றை வரியில் மறுப்பு வந்தது. "விடுங்க, சென்னையிலயே வெச்சுக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டீர்கள். முடியாது என்றேன். மறுபடி எழுதினீர்கள்.

அந்த இரண்டாவது படிவத்தை நிரப்பிய மத்தியானம் மழை. இந்த மாநாடு ஏன் வேண்டும் என்று அதில் ஒரு கட்டம். "எனக்கே தெரியலியே, நடையில அப்படி இன்னா கீது?" என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "நடை மெதுவாகிறவங்க சீக்கிரம் போயிடறாங்க ஐயா. உடம்புல என்ன நோய்னு தெரியறதுக்கு முன்னாடியே கால்ல தெரிஞ்சிடுது. எல்லாருக்கும் இல்ல. ஆனா நெறைய பேருக்கு. இத வெளிய சொல்லிடாதீங்க. சொன்னா, அடுத்த வருஷ அளவு கெட்டுடும்."

வீட்டுக்குப் போய் என் தலைக்குள் இருந்த எண்களைப் புரட்டினேன். அளந்த பிறகு எங்கள் ஊரில் மூன்று பேர் போயிருந்தார்கள். மற்றவர்கள் நாலு, ஐந்து நொடியில் கடந்த தூரம் அது. தேவசகாயம், ஏழு. கோவிந்தன், ஏழு. முனியம்மாள், எட்டு. மூன்றையும் உரக்கச் சொன்னவன் நான். என் வாயால்தான் அவர்களுக்கு நாள் குறித்ததுபோல் இருந்தது. அன்றிலிருந்து ஒன்று தொடங்கியது. இன்றுவரை உங்களிடம் சொன்னதில்லை. ஆளில்லாத சத்துணவுக் கூடத்தைக் கடக்கும்போது தேவசகாயத்தின் தடி தரையில் ஊன்றும் ஓசை கேட்கும். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. ஆனால் உள்ளே எண்ணிக்கை ஓடும். ஏழில் நிற்கும்.

ஆகவே நான் ஊருக்குச் சொல்லிவிட்டேன். அவர்கள் கால், அவர்கள் உயிர். அளந்தவனுக்குத் தெரிந்தது அளக்கப்பட்டவனுக்குத் தெரியக் கூடாது என்பது எந்த ஊர் நியாயம்? அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன், இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

சொன்னதை அவர்கள் புரிந்துகொண்ட விதம் வேறு. மெதுவாக நடந்தால் சாவு வரும், வேகமாக நடந்தால் வராது என்று எடுத்துக்கொண்டார்கள். மறுவாரமே, விடிவதற்குச் சற்று முன்பு, சேரப்பணஞ்சேரிப் பக்கம் கம்பெனிக்காகப் போட்ட புதுச் சாலையில் கிழடுகள் எல்லாம் வரிசையாக நடக்கத் தொடங்கின. வெள்ளை வேட்டி, வெளிறிய புடவை. மார்கழிப் பனி. பேசினால் மூச்சு வாங்கும் என்று யாரும் வாய் திறப்பதில்லை. காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றி வந்த கம்பெனி பஸ் டிரைவர் டீக்கடையில் சொன்னதை நானே கேட்டேன்.

"பனிக்குள்ளேர்ந்து இருவது பேரு சத்தமே இல்லாம வராங்கபா. லைட் அடிச்சா கூட திரும்பல. நம்ம தெக்கத்திப் புள்ளைங்க கீதே, ஜன்னல சாத்திகினு ஒரே அழுவ. 'அண்ணாச்சி, வண்டிய நிப்பாட்டிராதிய, அதுக பின்னாலயே வருதுக'ன்னு ஒருத்தன் என் தோள புடிச்சிகினான்."

டீக்கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

நிதிக் குழுவிலிருந்து இரண்டு பேர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், இடத்தைப் பார்க்க வந்த நாள் நினைவிருக்கிறதா? இந்தப் பேச்சாளர்களால் பேச முடியுமா என்று பார்க்க வந்தார்கள். நீங்கள் முதலில் நடையைக் காட்டச் சொன்னீர்கள். குப்பம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாய்ந்தாள். மூன்று நொடி. அவள் பின்னால் வந்தவர்களும் மூன்று, மூன்றரை. உங்கள் முகம் மாறிக்கொண்டே வந்தது. வந்த அம்மையார் கேட்டார், "இந்த வயசுல எப்படிங்க இவ்வளவு வேகம்?"

"மெதுவா நடந்தா செத்துடுவோம்னு இவுருதான் சொன்னாரு. அதான் ரெண்டு மாசமா ஓடறோம்" என்று குப்பம்மாள் என்னைக் காட்டினாள். மூச்சிரைக்க அந்த அம்மையாரிடமே கேட்டாள், "எனக்கு இன்னா மார்க்கு?"

நீங்கள் நினைத்திருந்தால் சிரித்து மழுப்பியிருக்கலாம். வந்தவர்கள் பாதி மயங்கியிருந்தார்கள். ஆனால் நீங்கள் எழுந்து, "இந்த வருஷ அளவு எதையும் நம்ப வேண்டாம். கெட்டுப்போச்சு" என்றீர்கள். அவர்கள் கார் போன பிறகு என் பக்கம் திரும்பினீர்கள்.

"மூணு வருஷ உழைப்பு ஐயா."

"உங்க உழைப்பு. அவங்க உசுரு."

"அளக்கிறவன் வாயத் தொறந்தா அது அளவே இல்ல."

"தொறக்காட்டி அவன் மனுசனே இல்ல."

ஸ்டாப் வாட்சை என் கையிலிருந்து நீங்கள் வாங்கவில்லை, பிடுங்கினீர்கள். அதற்குப் பிறகு நான்கு மாதம் வரவில்லை. நானும் ஆள் அனுப்பவில்லை. இறங்கிப்போக எனக்குத் தெரியாது.

நீங்கள் வந்தது ஒரு வெயில் மத்தியானம். சத்துணவுக் கூடத்துப் படியில் உட்கார்ந்திருந்தேன். கார் வேப்பமரத்தடியில் நின்றது. கதவைத் திறந்து இறங்கி, கையில் காகிதத்தைத் தூக்கிக் காட்டியபடி, சிரித்துக்கொண்டே வந்தீர்கள். என் கண் தானாக நான்கு மீட்டரை வெட்டிக்கொண்டது. எண்ணிக்கை தானாக ஓடியது.

ஏழு.

உங்களுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. தப்பாக எண்ணிவிட்டேன் என்று நினைத்தேன். நான் தப்பாக எண்ணுவதில்லை.

"ஜெயிச்சிட்டீங்க ஐயா" என்று பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். புது விண்ணப்பத்தைப் படித்துக் காட்டினீர்கள். நான் கெடுத்ததையே மாநாட்டின் பொருளாக ஆக்கியிருந்தீர்கள். முதியவர்களை அளக்கிறவர்கள், அளந்து தெரிந்ததை அவர்களிடம் சொல்ல வேண்டுமா? அதை எங்கள் ஊரில் வைத்து, எங்கள் எதிரில் பேச வேண்டும். பேச்சாளர் பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது. "நீங்க சொன்னதுல நியாயம் இருக்குன்னு எனக்கே நாலு மாசம் கழிச்சுதான் புரிஞ்சுது" என்றீர்கள். இவ்வளவு காலத்தில் என்னிடம் தோற்றதாக ஒப்புக்கொண்ட ஒரே படித்த மனுஷி நீங்கள். அந்த நேரத்தில் போய் "உங்க நடை ஏழு" என்று எப்படிச் சொல்வது? சந்தோஷத்தில் இருந்தீர்கள். நானும் இருந்தேன். அதுதான் நிஜம். ஜெயித்த ருசியில் வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பிப் போனபோது பார்க்கக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டேன். செருப்பின் ஓசை கேட்டது. ஏழு.

மூன்று மாதத்தில் உங்கள் டிரைவர் வந்து சொன்னார். வயிற்றில் ஏதோ கட்டியாம், தெரிந்தபோது முற்றியிருந்ததாம். "கொஞ்சம் முன்னாடி பாத்திருந்தா..." என்று பாதியில் நிறுத்தினார். மீதியை நான் கேட்கவில்லை. நிதி அனுமதித்த கடிதம் உங்கள் பதினாறாம் நாளுக்கு முந்தின நாள் வந்தது.

மாநாடு நடந்தது, டாக்டரம்மா. நம் ஊரை ஒட்டிய ஒரகடத்தில், ஒரு கம்பெனியின் பயிற்சிக் கூடத்தில். குப்பம்மாளும் மற்றவர்களும் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். உங்கள் மாணவி ஒருத்தி திரையில் ஒரு கோடு காட்டினாள். படிக்கட்டு மாதிரி இறங்கும் கோடு. ஒவ்வொரு படியும் போய்ச் சேர்ந்த ஓர் ஆள் என்றாள். "இதுல நான் எங்க கீறேன்?" என்று குப்பம்மாள் எழுந்து கேட்டாள். "நீங்க இன்னும் இறங்கல பாட்டி" என்றாள் மாணவி. கூடமே கை தட்டியது. எனக்கு அந்தப் படிகளின் பெயர்கள் தெரியும். ஒவ்வொன்றையும் இறக்கிவிட்ட எண்ணும் தெரியும். திரையில் இல்லாத ஒரு படியும் தெரியும்.

கடைசியில் என்னை அழைத்தார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு, அளந்தவன் சொல்லியே ஆக வேண்டும், மறைப்பது திருட்டு என்று பேசினேன். நன்றாகப் பேசியதாக எல்லோரும் சொன்னார்கள். பேசி முடிக்கும்வரை, கூடத்தின் பின்பக்கத்திலிருந்து மேடையை நோக்கி ஒரு செருப்பு ஓசை வந்துகொண்டே இருந்தது. யாரும் நடக்கவில்லை. பார்த்தேன்.

எண்ணிக்கையை நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை. மாலையில் கூட்டுரோட்டு பஸ் நிறுத்தத்தில் உட்காருகிறேன். கம்பெனி பஸ்களிலிருந்து தெற்கத்திப் பிள்ளைகள் இறங்கி அறைகளுக்குப் போகிறார்கள். இருபது வயது, இருபத்திரண்டு வயது. அவர்களில் சிலர் கோவிந்தனின் எண்ணில் நடக்கிறார்கள். முகத்தில் மீசை அரும்புகிறது, காலில் எழுபது வயது. நான் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன். கிழத்துக்குக் கழன்றுவிட்டது என்று சிரிக்கிறார்கள். சிலர் எதிர்ச்சாரிக்கு மாறிப் போகிறார்கள். அங்கேயும் கேட்கும்படி சொல்கிறேன்.

சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி, கம்பெனியில் சர்க்யூட் போர்டு பொருத்தும் லைனில் வேலை, போன வாரம் நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"என்ன தாத்தா, தெனமும் எங்களப் பாத்து என்னத்தயோ எண்ணுதீக?"

"உன் நடைய. வந்த புதுசுல நாலு. இப்ப ஆறு."

"ஓவர் டைம் தாத்தா. நின்னு நின்னு காலு வீங்கிருச்சு. வேறொண்ணும் இல்ல."

"இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். நாளைக்கே ஆஸ்பத்திரில காட்டு."

"லீவு போட்டா சூப்பர்வைசர் உசுர எடுப்பாரு" என்று சிரித்துக்கொண்டே போனாள். நான்கு நாள் அவள் கண்ணில் படவில்லை. நேற்று அந்தப் பஸ்ஸிலிருந்து கடைசி ஆளாக இறங்கினாள். கூட வந்தவர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு, தனியாக என்னை நோக்கி நடந்து வந்து, இரண்டு கையாலும் பையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்கு எத்தன தாத்தா?"

அவள் கண்ணைப் பார்த்தேன். பொய் நாக்கு நுனிவரை வந்தது.

"ஏழு" என்றேன்.