நிழல் விழுந்த பக்கம்

கேமரன் மலை,
ஞாயிறு காலை

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முட்டிவலி குறைந்ததா? தம்பி புவனேஸ் நேரத்துக்குச் சாப்பிடுகிறானா? நான் நலம், குளிர்தான் விடவில்லை.

தேயிலைத் தோட்டம் பார்க்க வருபவர்களைப் படம் எடுக்கும் வேலை பழகிவிட்டது. காலை வெயில் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால், கொழுந்தும் தலைமுடியும் விளக்கு ஏற்றியதுபோல ஒளிரும். போன வாரம் ஒரு கல்யாண ஜோடியை அந்த வெளிச்சத்துக்குள் நிறுத்த, பின்னால் நகர்ந்து நகர்ந்து, மழைத்தண்ணீர் ஓடும் லோங்கானில் விழுந்துவிட்டேன். கொழுந்து பறிக்கும் நீலாவதி அக்காதான் தூக்கிவிட்டார்.

“வெளிச்சத்த மட்டும் பாத்தா போதுமா? பள்ளத்தையும் பாருலா!” என்று திட்டினார். எல்லாரும் சிரித்தோம், மணப்பெண்கூட.

கையில் வைத்துப் பார்க்க என் படம் கேட்டீர்களே, இத்துடன் இருக்கிறது. வெளிச்சம் இடப்பக்கம் மட்டும் விழுகிறது. முகத்துக்கு அதுதான் எடுப்பு. ஆனால் நீங்கள் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன்: இருட்டாக இருக்கும் பக்கம், அன்று விழுந்ததில் நெற்றியில் தையல் போட்டிருக்கிறது. ஆறி வருகிறது, பயப்படாதீர்கள்.

கேமராக் கண்ணாடி துடைக்க உங்கள் பழைய நூல் சேலையில் ஒரு துண்டு அனுப்புங்கள். பெரிதாகவே கிழியுங்கள், போர்த்திக்கொள்ளவும் ஆகும்.

இன்னொன்று. தம்பி போனில் அனுப்பும் படங்களில் நீங்கள் எப்போதும் வாசலுக்கு முதுகைக் காட்டியே நிற்கிறீர்கள். முகம் கறுத்துவிடுகிறது. இனி வாசலைப் பார்த்து நில்லுங்கள் அம்மா. நிழலில் எதையெல்லாம் மறைக்கலாம் என்று இப்போது எனக்குத் தெரியும்.

வேன் வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள்
ரூபினி