சோறு வடிக்கத் தெரியுமா, தம்பி?

ஆகஸ்ட் 22, 2006. செவ்வாய்

பாத்ரூம் பல்பு போய் மூன்று நாள் ஆகிறது. மெழுகுவத்தி வைத்துக் குளிக்கிறோம். இந்த வீட்டில் எது நின்றாலும் இவர் செய்வது ஒன்றுதான். தன் பிரிண்டிங் பிரஸ்ஸுக்குப் போன் போட்டு, "ஏலே, ஒரு ஆளை அனுப்பு." இப்போது காலண்டர் சீசன். ஆள் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் பிரீத்திகாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். விருதுநகர் குடும்பம், பட்டாசுக் கம்பெனி. பையனுக்கும் இவளைப் போலவே சென்னையில் வேலை. கல்யாணம் ஆனால் இருவரும் அங்கே தனிக்குடித்தனம்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதிவிட்டால்தான் தூங்க முடியும்.

பஜ்ஜி பாதி போட்டுக்கொண்டிருக்கும்போது கேஸ் தீர்ந்தது. இவர் வழக்கம்போல் போன். பைண்டிங் வேலையை விட்டுவிட்டு முத்துக்கருப்பன் ஓடி வந்தான். வந்தவர்களுக்கு நடுவே சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனான். எல்லாரும் காலை மடக்கி வழி விட்டார்கள்.

பையனின் அம்மா நல்ல மாதிரிதான். காபியை வாங்கிக்கொண்டு, "பிள்ளைக்குச் சமையல் தெரியும்ல மதினி? எங்க பையன் தண்ணிகூட மோந்து குடிக்க மாட்டான். அப்படி வளத்துட்டேன்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

எனக்கு என்ன வந்ததோ. பையனைப் பார்த்து, "சோறு வடிக்கவாவது தெரியுமா, தம்பி?" என்றேன்.

சிரித்தான். "எனக்கு எதுக்கு அத்தை?"

"அவ வேலை முடிஞ்சு வாரதுக்கு ராத்திரி ஆயிரும். அதுவரைக்கும் பட்டினியாவா இருப்பீக?"

 இவர் என்னைப் பார்த்த பார்வை! அப்போது பையன் மெதுவாகக் கேட்டான். "அத்தைக்கு சிலிண்டர் மாத்தத் தெரியுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். பிரீத்திகாவும்.

ஆகஸ்ட் 28

"உன் வாயாலதான் போச்சு. பொண்ணப் பெத்தவ கேக்குற கேள்வியா அது? ஊருக்குள்ள தலை காட்ட முடியல." காலையில் இவர் பேசியது இவ்வளவுதான். 

தலையைக் காட்டாமல் என்ன செய்வாராம்? அதற்கும் ஆள் அனுப்பச் சொல்லுவாரோ?

ஆகஸ்ட் 31

வேண்டாம் என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெண் பரவாயில்லையாம், தாய்தான் சரியில்லையாம்.

செப்டம்பர் 2

பிரீத்திகா போன் செய்தாள். கோபமாகப் பேசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் கோபப்படவில்லை.

"எம்மா, நீ கேட்டதுல தப்பு இல்ல. ஆனா எனக்கு அவரப் பிடிச்சிருந்துச்சு."

போனை வைத்துவிட்டாள். நான் அவளுக்காகத்தான் கேட்டேனா? இல்லை, இருபத்து நாலு வருசமா எனக்குள்ள கிடந்ததை அந்தப் பையன் தலையில் கொட்டுனேனா? தெரியல. என் பிள்ளை மனசு நொந்து கிடக்கு. ஆனாலும் கேட்டதைத் திருப்பி எடுத்துக்க மாட்டேன். மாட்டேன்.

செப்டம்பர் 9

அந்தப் பையன் கேட்டதும் நியாயம்தானே? அதுதான் தூங்கவிடவில்லை.

நான் வேதியியல் பட்டதாரி. இந்தச் சமையல் வாயுவில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள். ரெகுலேட்டரைத் தொட்டதில்லை.

இன்று, காலியாகும் வரை காத்திராமல், சிலிண்டரை நானே கழற்றினேன். ஜன்னலைத் திறந்து வைத்து, சாமி விளக்கை அணைத்துவிட்டு. புதிதின் மூடியை எடுத்து ரெகுலேட்டரை வைத்து அழுத்தினேன். இரண்டு தடவை சரியாக உட்காரவில்லை. மூன்றாவதில் 'டக்' என்றது. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், குமிழி வரவில்லை. இவ்வளவுதானா? இதற்குத்தானா இத்தனை வருசம் ஆள் வந்தது?

அந்தப் பாத்ரூம் பல்பையும் மாற்றிவிட்டேன். இவர் குளித்துவிட்டு வந்து, "எவன் வந்தான்?" என்றார்.

"நான்தான் வந்தேன்."

அக்டோபர் 6

ஊரெல்லாம் சிக்குன்குனியா. எனக்கும். விரல் மடங்கவில்லை. பேனா

அக்டோபர் 14

இன்றுதான் உட்கார முடிகிறது. நடந்ததை மறப்பதற்குள் எழுத வேண்டும்.

முதல் மூன்று நாள் கடைப் புரோட்டா. வாயில் வைக்க முடியவில்லை. நாலாம் நாள் இவர் பிரஸ்ஸுக்குப் போன் போட்டார். "ஏலே, கஞ்சி வைக்கத் தெரிஞ்சவன் எவனாவது இருக்கானா?" காய்ச்சலில் பாதிப் பேர் வரவில்லையாம், முத்துக்கருப்பனும் படுத்துவிட்டானாம். வந்தவர்கள் லோடு ஏற்றுகிறார்கள்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இவரே அடுப்படிக்குப் போனார். தீப்பெட்டி ஊரில் பிறந்த மனுசன், ஒரு அடுப்பைப் பற்ற வைக்க எத்தனை குச்சி! குச்சியைக் கொளுத்தும் முன்னே கேஸைத் திறந்துவிடுகிறார். "முதல்ல குச்சி, அப்புறம் கேஸு!" படுத்தபடியே கத்தினேன்.

ரசம் என்று ஒன்று கொண்டுவந்தார். ஒரு வாய்தான் குடித்தேன்.

"என்ன போட்டீக?"

"சீரகம்."

"இது சோம்பு."

மசாலாக் கம்பெனிக்கு இவர் பிரஸ்ஸில்தான் லேபிள் அடிக்கிறார்கள். சோம்புக்குப் பச்சை, சீரகத்துக்கு மஞ்சள். லட்சம் லட்சமாக அடித்தவர். டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "பாக்கெட்ல இருந்தாத்தான எனக்குத் தெரியும்?" என்று எரிந்து விழுந்தார். இடுப்பு வலியோடு நான் சிரித்தேன். வலித்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

மறுநாள் இரண்டையும் உள்ளங்கையில் கொட்டி மோந்து பார்த்துக்கொண்டு நின்றார். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

அக்டோபர் 19

சோறு குழையவில்லை. உப்பும் சரி. சொல்லவில்லை, சாப்பிட்டேன். இவர் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான், "நல்லாருக்கு" என்றேன்.

"மூணு வேளையும் இதே வேலையா?" என்றார்.

"ஆமா."



நவம்பர் 25

நாளை இன்னொரு வரன். சாத்தூர்ப் பக்கம். பிரீத்திகா வந்திருக்கிறாள்.

"எம்மா, தயவு செஞ்சு நாளைக்கு ஒண்ணும் கேட்றாத."

"கேப்பேன்."

"எம்மா!"

"நல்லவிதமாக் கேப்பேன்டி."

தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அழவில்லை. இருக்கன்குடி மாரியிடம் எனக்காக வேண்டிக்கொண்டாளாம், என் வாயைக் கட்டிப் போடச் சொல்லி.

நவம்பர் 26, ஞாயிறு

வந்தார்கள். அதே காபி, அதே பஜ்ஜி. பையனின் அம்மா அதே கேள்வியைக் கேட்டார். "பிள்ளைக்குச் சமையல் வரும்லா?"

நான் வாயைத் திறந்தேன். பிரீத்திகா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குள் இவர் கனைத்தார். எழுந்து அடுப்படிக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு தட்டு. அதில் இந்த ஓரம் கொஞ்சம், அந்த ஓரம் கொஞ்சம். பையன் முன்னால் நீட்டினார்.

"தம்பி, இதுல சீரகம் எது, சோம்பு எது?"

பையனின் அப்பா பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். பையன் தட்டைப் பார்த்தான், இவரைப் பார்த்தான். "மோந்து பாக்கலாமா மாமா?"

"பாருங்க. நானும் அப்படித்தான் கண்டுபிடிச்சேன்."

கதவுக்குப் பின்னால் பிரீத்திகாவின் சிரிப்பு கேட்டது. பையனுக்கும் கேட்டிருக்கும், காது சிவந்துவிட்டது. சரியாகத்தான் சொன்னான்.

பதில் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள். வரட்டும். வராவிட்டாலும் போகட்டும்.

அவர்கள் போனதும் காபி டம்ளர்களை எல்லாம் இவரே எடுத்துப் போய்க் கழுவிக் கவிழ்த்தார். அடியில் காபிக் கறை அப்படியே இருக்கிறது.

நான் மறுபடி கழுவவில்லை.