கச்சிதமான பேன்ட்

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். போன வாரம் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு இருதயச் சோதனை நடத்தினார்கள். சிகரெட் உண்டா, எவ்வளவு நேரம் உட்கார்ந்தே இருக்கிறாய், வீட்டில் யாருக்காவது நெஞ்சுவலி வந்ததுண்டா என்று கேள்விமேல் கேள்வி. இரத்தம் எடுத்து, பிரஷர் பார்த்து, இடுப்பையும் அளந்தார்கள். அந்தப் பெண் டேப் பிடித்த அழகுக்கு நீ அவளை உன் தையல் கடை வாசலில்கூட நிற்க விடமாட்டாய். மறுபடி டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். எல்லோருக்கும் சொல்வதுதான். பரீட்சை முடியட்டும்.

வேலைக்கான நேர்காணலுக்கு ஒரு பேன்ட் தைத்து அனுப்பு. இடுப்பு அதே முப்பது.

உன் ஒல்லி

ஜூலை 15

அன்புத் தம்பிக்கு,

பேன்ட் அனுப்பியிருக்கிறேன். போட்டுப் பார்த்து எழுது. எல்லோரையும் வரச் சொன்னால் அந்த டாக்டர் எப்போதுதான் சாப்பிடுவார்? பரீட்சையைச் சாக்குச் சொல்லாமல் போய்வா.

அக்கா

ஜூலை 24

அக்கா,

பேன்ட் கச்சிதம். அறைத் தோழன் பொறாமையில் வெந்து போகிறான். டாக்டரிடம் அடுத்த மாதம் கட்டாயம் போகிறேன்.

உன் ஒல்லி

ஜூலை 31

தம்பி,

கச்சிதமாம். அதன் இடுப்பை நான் வேண்டுமென்றே இருபத்தாறு அங்குலத்தில் தைத்தேன். காதில் பூச்சுற்ற வேறு ஆளைப் பார். போன விடுமுறையில் உன் சட்டைப் பொத்தான்கள் திணறியதைப் பார்த்தவள் நான்.

அப்பாவின் பேன்ட்டை ஒரே வருடத்தில் நான்கு முறை பிரித்துத் தளர்த்தினேன். எனக்குப் பதினேழு வயது, உனக்கு ஆறு. பிரித்த தடமே தெரியவில்லை என்று அவர் மெச்சியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. படி ஏறினால் மூச்சு வாங்கியது. "வாயுதாம்மா, வேற ஒண்ணுமில்ல" என்றார். நானும் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். ஒரு மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவில்லை. நாற்பத்துமூன்று வயது. அவர் பெருத்துக்கொண்டே போனது அங்குலக் கணக்கில் எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

உன்மேல் கோபம் இல்லையடா. பயமாக இருக்கிறது.

அக்கா

ஆகஸ்ட் 9

அக்கா,

நேற்று போனேன். இடுப்பு முப்பத்தேழு, பிரஷர் நூற்றைம்பதுக்கு நூறு. கொழுப்பும் அதிகம். ஒரு நாளைக்கு எட்டு சிகரெட் என்பதையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவதானால் நேரில் திட்டு. எனக்கும் பயம்தான், அதனால்தான் போகாமல் இருந்தேன்.

வீட்டில் யாருக்கும் நெஞ்சுவலி இல்லை என்று அன்று சோதனைப் படிவத்தில் எழுதியிருந்தேன். அப்பா திடீரென்று போய்விட்டார் என்றுதானே எனக்குத் தெரியும். நீ எழுதியதைச் சொன்னதும் டாக்டரம்மா அதை அடித்துவிட்டுத் திருத்தினார். மாத்திரை எழுதினார். பிறகு, "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

"அக்கா இருக்கா. முப்பத்தொண்ணு. நாள் முழுக்க மெஷின்லதான்."

"அவங்க பிரஷர் பார்த்திருக்காங்களா?"

ஊர் அளவெல்லாம் உன் நோட்டில் இருக்கிறது, உன்னுடையது எங்கே இருக்கிறது? எனக்கு நீ ஒருத்திதான் அக்கா.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். கடையைத் திறக்காதே. ஒரு நாளில் யாரும் துணியில்லாமல் திரிய மாட்டார்கள். நான் வரும்வரை எதுவும் சாப்பிடாமல் இரு, வெறும் வயிற்றில்தான் இரத்தம் எடுப்பார்களாம்.

தம்பி