மூடிக்குள் விளக்குள்ள ஸ்கேனர்

இன்று காலையும் நீங்கள் ஒட்டிவைத்த பிளாஸ்டிக் கவர் ஒன்றைக் கத்தரியால் வெட்டினேன். வெட்டிய உடனே காடி வாடை முகத்தில் அடித்தது. பழைய ஃபிலிம் கெட்டுப்போனால் அப்படித்தான் புளிக்குமாம், நம் மகள் ஸ்டெல்லா எங்கோ படித்துச் சொன்னாள். ஜன்னலைத் திறந்துவிட்டு உட்கார்ந்தேன். இன்னும் எத்தனை கவர் கிடக்கிறது என்று அலமாரியைப் பார்க்கவே அலுப்பாக இருந்தது.

உங்களுக்கு உப்புக்காற்று என்றால் ஜென்மப் பகை. போட்டில் வேலை பார்த்து வாழ்நாளையே கடல்மேல் கழித்த மனுஷன், வீட்டுக்கு வந்தால் கடலிடமிருந்து எதையாவது காப்பாற்றிக்கொண்டே இருப்பீர்கள். ரேஷன் கார்டு, தீவுக்காரர்களுக்குத் தரும் ஐலண்டர் கார்டு, ஞானஸ்நான சர்டிபிகேட், போட்டோ, ஃபிலிம், எல்லாம் கவருக்குள் போகும். மெழுகுவர்த்தியை ஏற்றி, கவரின் வாயைச் சுடரில் காட்டி, உருகியதும் விரலால் அழுத்தி ஒட்டுவீர்கள். விரல் சுட்டு நீங்கள் கையை உதறும்போது நான் சிரிப்பேன். "இனிமே காத்து எங்கிட்டுக் கூடி வரும்?" என்று என்னையே கேட்பீர்கள். காற்று வரவில்லைதான். உள்ளே இருந்த ஈரமும் வெளியே போகவில்லை. அடைமழையில் உட்கார்ந்து ஒட்டினால் மழையையும் சேர்த்துத்தான் ஒட்டுகிறோம் என்று நம் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. நம்மைப் போல ஒட்டிவைத்த வீடுகளில் எல்லாம் இப்போது இதே கதைதான்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு எந்த ஆபீஸ் படி ஏறினாலும் ஒரு ஜெராக்ஸ் கேட்டார்கள். கேட்ட காகிதத்தைத் தேடி, கவரை வெட்டி, கடைக்கு நடந்து, திரும்பி வந்து மறுபடி தேடி, சலித்துப்போனேன். மழைக்கால லீவுக்குச் சென்னையிலிருந்து வந்த ஸ்டெல்லா என் கோலத்தைப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே ஒரு ஸ்கேனர் வாங்கிவிடலாம் என்றாள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் நான் எதையும் தேடவேண்டாமாம்.

சொல்வது சுலபம். அவள் போனில் காட்டிய மிஷின்களைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. ஒன்று காகிதத்தை வாயில் வைத்தால் இழுத்து, இரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் எடுத்துத் துப்பிவிடும். ஆனால் ஆல்பத்தில் ஒட்டிப்போன போட்டோவை அதற்குள் விட்டால் கிழித்துவிடும். இன்னொன்று ஜெராக்ஸ் மிஷின் போலக் கண்ணாடிமேல் வைத்து மூடுவது. போட்டோவுக்கு நல்லது, காகிதக் கட்டுக்கு உயிரை வாங்கும். இந்த இரண்டும் ஃபிலிமுக்கு ஆகாது. அதற்குக் கண்ணாடிக்கு மேலே, மூடிக்குள்ளும் விளக்கு இருக்கவேண்டும், வெளிச்சம் ஃபிலிமுக்குள் புகுந்து வரவேண்டும். அந்த வகை அதிகம் கிடைப்பதில்லை. கிடைத்த இடத்திலும் நம் பின்கோடைப் போட்டால் இங்கே அனுப்புவதில்லை என்று வந்தது. மெயின்லேண்டுக்காரர்கள் கண்ணுக்கு நாம் எப்போதுதான் தெரிந்தோம்?

பஜாருக்கும் போனோம். கடைக்காரர், பிரிண்டரோடு சேர்ந்த ஸ்கேனர் ஒன்றைக் காட்டி, ஃபிலிமை எல்லாம் இப்போது யார் ஆன்ட்டி வைத்திருக்கிறார்கள் என்று இந்தியில் சிரித்தார். ஸ்டெல்லாவும் பாதி இந்தியில் அதையே சொன்னாள். "ஃபிலிமெல்லாம் சோடோம்மா, விட்டுரு. முழுசும் பூஞ்சை. பேப்பரும் ஆல்பமும் வந்தாப் போதும்." நான் விறுவிறுவென்று போய் ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

அந்தக் கவர்களில் ஒன்றின்மேல் பேனாவால் சிலுவை போட்டு, லாங் ஐலண்ட் என்று எழுதியிருந்தீர்களே, அது எந்தக் கவர் என்று உங்களுக்குத் தெரியும்.

அப்போது உங்களுக்கு லாங் ஐலண்ட் தீவுப் படகுத்துறையில் டியூட்டி. எனக்கு அங்கத்து நடைமுறையும் தெரியாது, ஊரும் தெரியாது, இந்தியும் தெரியாது. கையில் நம் முதல் பிள்ளை அந்தோணி. காய்ச்சல் கண்டபோது கடல் கொந்தளித்துக் கிடந்தது, போட் எதுவும் ஓடவில்லை. ஓடியபோது அவன் இல்லை. மெயின்லேண்டில் இருந்த அத்தை பேரனைப் பார்க்கவே இல்லை. கப்பல் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால்தானே நம் ஜனங்களிடம் அந்த வழக்கம், அடக்கத்துக்கு முன்னால் வீட்டார் எல்லோரும் சுற்றி நிற்கப் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புவது. வரமுடியாதவர்களுக்கு அதுதான் துட்டி, துக்கம் கேட்பது. நீங்களே கேமராவைக் கையில் எடுத்தீர்கள். அதற்குப் பிறகு நடந்தது ஒன்றும் என் நினைவில் இல்லை.

போட்டோ கழுவி வந்தபோது என்னிடம் காட்டவில்லை. "இப்பம் பாக்காண்டாம். என்னைக்காவது பாக்கணும்னு தோணுச்சுன்னா கேளு, தாரேன்" என்றீர்கள். நான் கேட்கவில்லை. நீங்களும் எடுத்து நீட்டவில்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவன் பிறந்தநாளில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காபி குடித்தோம். ஊருக்கு அனுப்பிய அந்த ஒரே போட்டோவை அத்தை தலையணைக்கடியில் வைத்திருந்தார்களாம். அவர்களை அடக்கம் செய்தபோது அதையும் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஃபிலிம் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கவரை வெட்டி, சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஆரஞ்சு நிறத்துக்குள் குட்டியாக ஒரு முகம் கறுப்பாய், தலைமுடி மட்டும் வெள்ளையாய், கிழவனைப் போலத் தெரிந்தான். ஓரத்திலிருந்து பூஞ்சை வேர்விட்டு வந்திருந்தது. ஸ்டெல்லா பின்னால் வந்து என்னம்மா என்றாள்.

"இதுல ஒங்க அண்ணன் இருக்கான்டி."

தனக்கு முன்னால் ஒன்று பிறந்து தங்கவில்லை என்ற அளவுக்குத்தான் அவளுக்குத் தெரியும். அவனுக்குப் பெயர் இருந்தது என்றுகூட நாம் சொல்லவில்லையே. அவள் சுருளை என் கையிலிருந்து வாங்கி, விளிம்பில் மட்டும் பிடித்து, நெடுநேரம் பார்த்தாள். பிறகு போனை எடுத்து, மூடிக்குள் விளக்குள்ள அந்த மிஷினையே தேட ஆரம்பித்தாள்.

சென்னைக்குப் போய் ஆர்டர் போட்டு, கிறிஸ்துமஸ் லீவுக்குத்தான் கொண்டுவர முடிந்தது. அதுவரை அந்தச் சுருளைத் துணி அலமாரிக்குள் தொங்கவிட்டு, உள்ளே பல்பை எரியவிட்டேன், பட்டுச்சேலையில் ஈரம் ஏறாமலிருக்கச் செய்வதுபோல. பல்பு ஃபியூஸ் ஆகிவிடுமோ, கரண்ட் போய்விடுமோ என்று நிம்மதியாகத் தூங்கவில்லை. உங்கள்மேல் கோபம் கோபமாக வந்தது. கேட்டால் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, கேட்கத் தோன்றியபோது ஆள் இல்லை என்றால் என்ன அர்த்தம்?

மிஷினை விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள் உங்கள் மகள். சாப்பாடு ஆனதும் மேஜைமேல் வைத்தோம். சுருளைச் சட்டத்துக்குள் செருகி மூடினாள். விளக்கு உள்ளே மெதுவாக, அவ்வளவு மெதுவாக நகர்ந்தது. நான் சமையலறைக்கு எழுந்து போனேன். போய் என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

திரையில் நான் உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லாவைவிடச் சின்னவள். என் மடியில் அவன், வெள்ளைச் சட்டையில். அவனைக் கடைசியாக நான் தொடவில்லை என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். என்னைப் பக்கத்திலேயே விடவில்லை என்று மனதுக்குள் உங்களிடம் சண்டை போட்டிருக்கிறேன். நீங்களோ அவனை என் மடியில் கிடத்திவிட்டுத்தான் படம் எடுத்திருக்கிறீர்கள். அவன் பாதத்தை என் கை பிடித்திருக்கிறது. பூஞ்சை என் சேலையையும் சுவரையும் தின்றிருந்தது, முகத்துக்கு வரவில்லை. பால் போதாமல் கோபித்துக்கொண்டு தூங்கினால் எப்படி இருப்பானோ அப்படி இருந்தான்.

ஸ்டெல்லா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். "அண்ணனுக்கு அப்பா மூக்கும்மா" என்றாள். அழுதுகொண்டே உங்கள் மூக்கைத் தன் முகத்தில் தடவிப் பார்த்துக்கொண்டாள். நானும் அழுதேன். அன்று அழாததெல்லாம் சேர்ந்து வந்தது.

நான் ஓய்ந்துதான் போயிருக்கிறேன். இந்தக் கவர்களை எல்லாம் வெட்டி முடிப்பேனா என்றுகூடத் தெரியவில்லை. அவனைச் சுமந்தது நாம் இருவர், பிறகு நான் ஒருத்தி. நானும் போய்விட்டால் அப்படி ஒரு பிள்ளை பிறந்ததே இல்லை என்று ஆகிவிடுமே என்ற பயம்தான் என்னைத் தின்றுகொண்டிருந்தது, வேறொன்றும் இல்லை.

போனவாரம் உங்கள் முதல் வருஷப் பூசையில் வாசிக்கப் பெயர் கொடுக்கக் கோயிலுக்குப் போனோம். உங்கள் பெயரை நான் சொன்னேன். வழக்கம்போல மற்ற பெயரை மனதுக்குள் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பினேன். ஸ்டெல்லா நகரவில்லை. எழுதுபவரிடம், "அந்தோணின்னும் எழுதிக்கோங்க. என் அண்ணன்" என்றாள்.