சனிக்கிழமைப் பட்டியலும் என் தங்கையின் முகவரியும்

அனுப்புநர்:
எடை மற்றும் அளவுக் கருவிகள் சோதனைக் கூடத்தின் தொழில்நுட்பர், வயது 41.
(என் பெயரும் முகவரியும், தங்கையின் பெயரும் முகவரியும் இம்மனுவோடு உள்ள ஒட்டிய உறையில் இருக்கின்றன. அந்த உறையைத் தாங்கள் மட்டும் பிரிக்குமாறு வேண்டுகிறேன்.)

பெறுநர்:
காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மாவட்டக் காவல் அலுவலகம்.

பொருள்: மின்சாரக் கார் உரிமையாளர் குழுவின் பயணப் பட்டியலைப் பயன்படுத்தி, தன்னை விட்டு விலகி வந்த என் தங்கையையும் ஏழு வயது மகளையும் அவள் கணவர் பின்தொடர்வது, நாளை, வெள்ளிக்கிழமை பிற்பகல், குழந்தையைத் தூக்கிச் செல்ல அவர் திட்டமிட்டிருப்பதாக அஞ்சுவது, உடனடிப் பாதுகாப்பு கோருவது தொடர்பாக.

பார்வை: இம்மாதம் 7-ஆம் தேதி காவல் நிலையத்தில் நான் கொடுத்த மனு. ரசீது இணைப்பு 1.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கார் எத்தனை யூனிட் மின்சாரம் குடிக்கிறது என்பதைப் பற்றித்தான் இம்மனுவின் பெரும்பகுதி இருக்கும். அதைக் கண்டு ஒதுக்கிவிடாமல் கடைசி வரை வாசிக்க வேண்டுகிறேன். நிலையத்தில் என் முதல் மனுவை இரண்டாம் பக்கத்தோடு மூடிவிட்டார்கள்.

2. என்னிடம் இருப்பது வேகத்துக்குப் பெயர் போன மின்சார செடான் ஒன்று. பழைய உரிமையாளரிடம் வாங்கியது. கண் மூடித் திறப்பதற்குள் நூறைத் தொடும் வண்டி என்று விளம்பரம் சொல்லும். நான் ஒரு நாளும் அப்படி ஓட்டியதில்லை. எடை மேடைகளைச் சோதித்துச் சான்று தருவது என் தொழில். தயாரித்தவர் சொல்லும் அளவுக்கும் உண்மையான அளவுக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பதே என் பழக்கமாகிவிட்டது. என்னைப் போன்றவர்கள் நூற்று நாற்பது பேர் கைப்பேசியில் ஒரு குழு வைத்திருக்கிறோம். மூன்று நிறுவனங்களின் வேகமான செடான்களை நிஜச் சாலையில் ஓட்டி, நூறு கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் செலவாகிறது என்று ஒப்பிடுகிறோம். ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவர் வாரம்தோறும் சனிக்கிழமை இவற்றைப் பட்டியலாகத் தொகுத்து வெளியிடுகிறார். எல்லோரும் அவரைக் கணக்கு வாத்தியார் என்போம். புனைபெயரில்தான் பதிவிடுவோம். என் பெயர் அங்கே 'தராசு'. "கட்டினவளோட பேசுறதை விட சார்ஜரோட பேசுறது அதிகம்" என்று என் மனைவி சொல்வது உண்டு. குடும்ப விருந்துகளில் நான் இந்தக் குழுவைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. அப்போது எதிரில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர்களில் தங்கையின் கணவரும் ஒருவர். இனி அவரை எதிர்மனுதாரர் என்று குறிப்பிடுகிறேன். அவரிடமும் ஒரு மின்சார செடான் உண்டு; நிறுவனம் வேறு.

3. எதிர்மனுதாரர் வெளியே அமைதியானவர். குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. தங்கையின் இடது மணிக்கட்டு முறிந்தபோது மருத்துவமனையில் எனக்கு முன்பே வந்து, மருந்துச் சீட்டை வாங்கி, எனக்கும் சேர்த்துத் தேநீர் வாங்கி வந்தவர் அவர். படியில் வழுக்கிவிட்டாள் என்றார். தங்கையும் அப்படியே சொன்னாள். அவர்கள் குடியிருந்தது தரைத்தளத்து வீடு. அதில் படியே கிடையாது. இதை நான் கவனித்தது எட்டு மாதம் கழித்து. மருத்துவக் குறிப்பு இணைப்பு 2.

4. ஏழு வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் வேலைக்குப் போன பிறகு, பகல் இரண்டரை மணிக்குத் தங்கையையும் குழந்தையையும் என் காரில் ஏற்றிக்கொண்டேன். வழக்கறிஞர் ஏற்பாடு செய்த வீடு வேறு ஊரில் இருந்தது. தங்கை பின் இருக்கையில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கார் எங்களைத் தாண்டும்போதும் குனிந்துகொண்டாள். ஆகவே எந்தக் காரையும் முந்தாமல், இடையூறு செய்யாமல், எண்பதைத் தாண்டாமல் ஓட்டினேன். அவளுக்கு உடம்பு நடுங்கியதால் குளிர்சாதனத்தையும் போடவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தியதும் பழக்க தோஷத்தில் முன் திரையைப் படம் எடுத்தேன். 212.4 கிலோமீட்டர். நூறுக்கு 13.9 யூனிட். எங்கள் பட்டியலில் அதுவரை யாரும் பதினான்குக்குக் கீழே வந்ததில்லை.

5. அந்த எண்ணை நான் பட்டியலுக்கு அனுப்பினேன். அந்த வாரம் முழுக்கக் கெட்ட செய்திகளாகவே இருந்தன. ஒரு நல்ல செய்தி எனக்கும் வேண்டியிருந்தது. புறப்பட்ட சார்ஜிங் நிலையம், வெப்பநிலை, மொத்த தூரம், யூனிட், ஏறிய ஆட்கள் மூன்று என்று படிவத்தை நிரப்பினேன். போய்ச் சேர்ந்த ஊரை எழுதவில்லை. அதுவே போதும் என்று நினைத்தேன்.

6. நான்கு நாள் கழித்து, புதிதாகச் சேர்ந்த 'பைலட்' என்பவர் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார். தன் கார் வேறு நிறுவனத்துடையது என்றும், அதே சாலையில் அதே தூரம் ஓட்டிப் பார்த்தால்தான் இரண்டு கார்களையும் நியாயமாக ஒப்பிட முடியும் என்றும் எழுதியிருந்தார். சோதனைக் கூடத்தில் நானே நூறு முறை சொல்லும் வாதம் அது. மகிழ்ச்சியோடு பதில் எழுதினேன். எந்த நெடுஞ்சாலை, எந்த இடத்தில் திரும்ப வேண்டும், எங்கே சாலை வேலை நடக்கிறது, கடைசியில் சலவைக் கடையை ஒட்டிய தெருவில் எத்தனை மீட்டர் என்பது வரை. அவர் நன்றி சொன்னார். எங்கள் குழுவில் ஒருவரையொருவர் சார் என்போம், இளைஞர்கள் ப்ரோ என்பார்கள். அவர் எழுதியது: "தேங்க்ஸ் மச்சான்." நானும் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். அந்த உரையாடல் முழுவதும் இணைப்பு 3.

7. அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் நடந்தவை:

முதல் பதிவு: பைலட், 212.4 கிலோமீட்டர், 15.2 யூனிட், ஆள் ஒன்று. குழுவில் பாராட்டினார்கள். நானும் பாராட்டினேன்.

அதே வாரத்தில் தங்கை தொலைபேசியில் பேசினாள். எதிர்ச்சாரியில் சாம்பல் நிறக் கார் ஒன்று நிற்கிறது என்றும், அது வந்த சத்தமே கேட்கவில்லை, திரும்பிப் பார்த்தபோது நின்றுகொண்டிருந்தது என்றும் சொன்னாள். அவள் இரண்டாம் மாடியில் இருக்கிறாள். சாதாரணக் காராக இருந்தால் தெருமுனையில் திரும்பும்போதே அவளுக்குத் தெரிந்திருக்கும். ஊரில் சாம்பல் நிறக் கார் ஆயிரம் இருக்கும் என்று நான் சமாதானம் சொன்னேன்.

இரண்டாம் பதிவு: மீண்டும் 212.4, யூனிட் 14.6. கூடவே முன் திரையின் படம். படத்தின் ஓரத்தில், ஸ்டீயரிங் பக்கத்து இண்டிகேட்டர் தண்டில், மஞ்சள் நிறத் தலைமுடிப் பட்டை ஒன்று மாட்டியிருந்தது. அதன் துணிப் பூவில் ஓர் இதழ் இல்லை. படத்தைத் தங்கைக்கு அனுப்பினேன். அவள் அழைத்து, அது குழந்தையுடையது என்றும், அவசரத்தில் கிளம்பியபோது விட்டுவந்தது என்றும் சொன்னாள். அடுத்து அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணா, நீ வேணும்னு செய்யலை. ஆனா நீதான் வழி சொல்லிக் குடுத்திருக்கே."

மூன்றாம் பதிவு: 214.7 கிலோமீட்டர்.

8. அந்த எண்ணைப் பார்த்ததும் என் பழைய படிவத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மற்ற நூற்று முப்பத்தெட்டுப் பேருக்கும் அது வெறும் எண். என் அளவைவிட 2.3 கிலோமீட்டர் கூடுதல். மறுநாளே பேருந்தில் போய், வாடகை மிதிவண்டியில் தூரம் அளக்கும் மீட்டர் ஒன்றைக் கட்டிக்கொண்டு, தங்கை வீட்டு வாசலிலிருந்து குழந்தையின் புதிய பள்ளி வாசல் வரை அளந்தேன். என் தொழில் வழக்கப்படி மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் 2.3.

9. 7-ஆம் தேதி காவல் நிலையத்தில் மனு கொடுத்தேன். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகவே நடத்தினார், நாற்காலி போட்டார். ஆனால் அவர் கேட்டது இது: "பொது ரோட்டுல கார் ஓட்டுறாரு, எவ்வளவு கரண்ட் ஆச்சுன்னு கணக்குப் போடுறாரு. இதுல நான் எதை சார் எஃப்.ஐ.ஆர்.ல எழுதுறது?" நீதிமன்றத்தில் தடை உத்தரவு வாங்கி வரச் சொன்னார். தங்கையின் வழக்கறிஞர் மனுத் தாக்கல் செய்திருக்கிறார். விசாரணை அடுத்த மாதம் 9-ஆம் தேதி. அந்த அதிகாரி மீது எனக்குப் புகார் ஏதுமில்லை. ஏழு வாரத்துக்கு முன் என்னிடம் யாராவது வந்து இதைச் சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

10. அதன் பிறகு கணக்கு வாத்தியாரை நேரில் பார்த்தேன். குழுவில் இருப்பவர்களில் நான் முகம் பார்த்த முதல் ஆள் அவர்தான். எழுபது வயதிருக்கும், தனியாக இருக்கிறார். மூன்று சனிக்கிழமைகளின் தாள்களையும் மேசையில் பரப்பி வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இதெல்லாம் நான்தானே தம்பி டைப் பண்ணினேன்" என்று மட்டும் சொன்னார். பைலட் என்பவர் குழுவில் சேர்ந்தது, தங்கை கிளம்பிய இரண்டாம் நாள் என்பதற்கான பதிவையும், சேரும்போது கொடுத்த கைப்பேசி எண்ணையும் எழுதித் தந்தார். அது எதிர்மனுதாரரின் அலுவலக எண். இணைப்பு 4. அவரைக் குழுவிலிருந்து நீக்க வாத்தியார் துடித்தார். சந்தேகம் வந்துவிடும் என்று நான்தான் தடுத்தேன். அது சரியா தவறா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை.

11. நேற்று, புதன்கிழமை காலை, பைலட் குழுவில் ஒரு முன்னறிவிப்பு போட்டிருக்கிறார். புதிய சோதனைக்கு முன் இப்படி அறிவிப்பது எங்கள் வழக்கம்தான். அது வருமாறு:

"வெள்ளிக்கிழமை திரும்பி வர்ற ரன். மதியம் 3.30-க்கு ஸ்டார்ட். ஆள் இரண்டு. ஒருத்தர் சின்னவங்க. கூடுதல் வெயிட்டுக்கு எவ்வளவு யூனிட் கூடுதுன்னு பார்ப்போம்."

அதற்குக் கீழே இருபத்தாறு பேர் வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்கள். குட்டிப் பயணி யார் சார் என்று ஒருவர் அன்பாகக் கேட்டிருக்கிறார். பைலட் ஒரு சிரித்த முகம் போட்டிருக்கிறார். குழந்தையின் பள்ளி விடும் நேரம் பிற்பகல் 3.15. இணைப்பு 5.

12. ஐயா, நான் சும்மா பயப்படுகிற ஆள் இல்லை. அளவில் பிழை இருக்குமா என்று முதலில் என் கருவியைத்தான் சந்தேகிப்பேன். இதையும் எல்லா வழியிலும் சந்தேகித்துப் பார்த்துவிட்டேன். என்னைச் சீண்ட மட்டுமே எழுதியிருக்கலாம் என்று என் மனைவி ஆறுதல் சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை 3.30 மணி வரை காத்திருந்து அதைச் சரிபார்க்க எனக்குத் துணிவில்லை. குழந்தையைத் திங்கள் முதல் பள்ளிக்கு அனுப்பவில்லை. அது அவருக்குத் தெரியாது என்று நம்புகிறோம். பள்ளியில் குழந்தை இல்லையென்றால் அவர் அடுத்து வரும் இடம் அந்த இரண்டாம் மாடிதான். அவர்களை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்றால், என் காரில் ஏற்றவே பயமாக இருக்கிறது. சோதனைக் கூடத்துக் கொட்டகையில் அதைப் பூட்டிப் போட்டுவிட்டேன். அது போகும் இடமெல்லாம் எங்கோ எழுதப்படுகிறது என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை.

13. ஆகவே கீழ்க்கண்டவற்றை இன்றே செய்து உதவுமாறு கைகூப்பிக் கேட்கிறேன்:

(அ) நாளை பிற்பகல் இரண்டு மணி முதல் பள்ளி வாசலிலும் தங்கை குடியிருக்கும் கட்டடத்திலும் காவலர் நிற்க வேண்டும். எதிர்மனுதாரரின் காரின் எண்ணும் படமும் ஒட்டிய உறையில் உள்ளன. கார் வரும் சத்தம் கேட்கும் என்று காவலர்கள் எதிர்பார்க்க வேண்டாம். கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

(ஆ) தாயின் கையெழுத்தின்றிக் குழந்தையை யாரிடமும், தந்தை என்று சொல்பவரிடமும் ஒப்படைக்கக் கூடாது என்று பள்ளித் தலைமையாசிரியருக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து கடிதம் போக வேண்டும். நாங்கள் சொன்னபோது, அப்பாவை எப்படித் தடுப்பது என்று அவர் தயங்கினார்.

(இ) எதிர்மனுதாரரை அழைத்து விசாரிக்க வேண்டும். அவர் மிகவும் இனிமையாகப் பேசுவார். தேநீரும் வாங்கித் தருவார்.

(ஈ) பயணப் பதிவுகள் அழிவதற்கு முன் அவற்றைக் கைப்பற்ற வேண்டும். அதற்கு என் கைப்பேசியையும் காரையும் ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். குழந்தையின் தந்தைக்கு வழி சொன்னவன் என்ற முறையில் என் மீது ஏதேனும் நடவடிக்கை உண்டென்றால் அதற்கும் உடன்படுகிறேன்.

14. காவலர் யாரை அனுப்பினாலும் ஒரு சிறிய வேண்டுகோள். மாடிக்குப் போய்க் கதவைத் தட்ட வேண்டாம். கீழே நின்று உறையில் உள்ள எண்ணுக்கு அழைத்தால் தங்கையே இறங்கி வருவாள். கதவு தட்டப்பட்டால் குழந்தை குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறது. கடந்த திங்கட்கிழமை அதை வெளியே வர வைக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அன்று தட்டியது மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவர்.

இம்மனுவை அஞ்சலில் அனுப்ப நேரமில்லாததால் நேரில் கொடுக்கிறேன். தங்கள் பதில் தெரியும் வரை கீழே பார்வையாளர் இருக்கையில் இருப்பேன். எந்த நேரம் கூப்பிட்டாலும் வருகிறேன்.

தங்கள் உதவியை நம்பி நிற்கும்,
(ஒப்பம்)
தங்கையின் அண்ணன்

நாள்: 17-ஆம் தேதி, வியாழக்கிழமை, காலை 10.40
இடம்: பாதுகாப்புக் கருதி எழுதவில்லை

இணைப்பு: ஐந்து, ஒட்டிய உறை ஒன்று.