திரும்பிப் போகிற பெட்டி

1934 நவம்பர் 12, திங்கள்

புயலுக்குப் பிறகு பிரான்சிலிருந்து ஒரு பங்குக் கோயில் மக்கள் அனுப்பிய கம்பளித் துணிகளைப் போன வாரம் குருசுக்குப்பத்து மீனவர்களுக்குக் கொடுத்தேன். மரப்பெட்டியை மட்டும் அடுத்த கப்பலில் திருப்பி அனுப்ப வேண்டும். இன்று அதைச் சவரியம்மா வீட்டில் வாங்கப் போனால் கனத்தது. திறந்தேன். விளிம்பு வரை நெத்திலிக் கருவாடு.

“இது எதுக்கு, சவரியம்மா?” என்றேன். புயலில் கூரையைப் பறிகொடுத்தவள் அவள்.

“பக்கத்து ஊட்டு ஏனத்தக்கூட வெறும் ஏனமா திருப்பிக் குடுக்க மாட்டோமே, வாத்தியாரே. குளிருல போத்திக்கினு இருந்தத நமக்குக் குடுத்துட்டு அந்தப் பொம்பளைங்க என்னா பண்ணுதுங்களோ.”

வாடை தாங்காமல் கப்பல்காரன் கடலில் எறிந்துவிடுவான் என்றேன்.

“அப்ப நல்லா இறுக்கிக் கட்டுங்க” என்றாள்.

இப்போது வீடு முழுக்கக் கருவாட்டு வாடை. என் மனைவி ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்துவிட்டாள். பங்குச் சாமியாரிடம் நாளை என்ன சொல்வேனோ.

கோயில் சார்பில் பிரெஞ்சில் நன்றிக் கடிதம் எழுதுவது என் வேலை. நேற்றே எழுதி முடித்திருந்தேன். ‘பதிலுக்குத் தர இந்த ஏழைகளிடம் ஒன்றுமில்லை’ என்று அதில் ஒரு வரி. சாமியார்கூட அழகான வரி என்றார். அதை அடித்துவிட்டேன். அந்த இடத்தில், கருவாட்டை எத்தனை தண்ணீரில் கழுவி எப்படி வறுக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.